மச்சான் வாசிக்கும்போது காபியா?

ஒருத்தன் மாங்கு மாங்கென்று வாசித்துக்கொண்டிருக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து காபி குடிக்கப் போவது அநியாயம். அன்றைக்கும் இதுதான் என் கட்சி, இன்றைக்கும் இதுதான். அதற்காக நான் செய்த காரியம் சரியா என்றால், அது வேறு கேள்வி. (என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்.)

என் மச்சான் சுரேஷ், அதாவது மனைவியின் தம்பி, மிருதங்கம் வாசிப்பவன். ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவன் சாதகம். நானோ அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். பகலெல்லாம் இரும்புச் சத்தம், வீட்டுக்கு வந்தால் மிருதங்கச் சத்தம். ஆனாலும் ஒருநாள்கூட நிறுத்தடா என்று நான் சொன்னதில்லை. அந்த சுரேஷுக்கு ஒரு மார்கழியில், மயிலாப்பூர்ப் பக்கம் பெரிய சபா ஒன்றில் முதல்முறையாக மேடை கிடைத்தது. வழக்கமாக வாசிப்பவருக்குக் காய்ச்சல். சபா செயலாளர் வந்து கேட்பாராம். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் பழையபடி வானகரத்துக் கல்யாண மண்டபங்கள்தான் கதி.

ரயிலில் போகும்போதே மனைவி பாடம் எடுத்தாள்.

"இதோ பாரு, நடுவுல பாட்டு நின்னுடும். தம்பி மட்டும் வாசிப்பான். தனி ஆவர்த்தனம்னு பேரு. அப்பத்தான் அந்த செக்ரட்டரி நல்லா கவனிப்பாராம். நீ கம்முனு குந்திக்கினு கேளு, இன்னா?"

கம்மென்றுதான் இருந்தேன். பாடகர் பாடினார், பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் தட்டும்போதெல்லாம் நானும் தட்டினேன். (என் தொடையில்தான்.)

ஒருவழியாகப் பாட்டு நின்றது. பாடகர் சுரேஷைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தொடங்கியதுதான் தாமதம், பள்ளிக்கூட மணி அடித்ததுபோல் பாதி அரங்கம் எழுந்து நின்றது! என் மச்சானுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று பூரித்து நானும் எழுந்து நின்றேன். பக்கத்து சீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார்.

"தனி ஆரம்பிச்சாச்சு. கேன்டீன்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம், வாங்கோ."

எனக்கு வந்ததே கோபம்! பாடுகிறவருக்கு உட்கார்ந்திருப்பார்களாம், மிருதங்கக்காரனுக்கு எழுந்து போவார்களாம். இது எந்த ஊர் நியாயம்? மனைவி "யோவ், யோவ்" என்று சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, நேராகப் போய் வாசலில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், எங்க கெளம்பிட்ட?"

"காபி சாப்பிட..."

"எம் மச்சான் வாசிச்சிக்கினு கீறான், உனக்குக் காபி கேக்குதா? போய் குந்து!"

லேத் ஓட்டி உரமேறிய கை. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் திரும்பிப் போனார்கள். கடைசியாக வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார்.

"தம்பி, கொஞ்சம் வழி விடுங்கோ. அவசரம்."

"இன்னா அவசரம்? காபி ஆறிப்பூடுமா?"

"அதில்லப்பா. எனக்கு சுகர். பாத்ரூம் போகணும்."

"எல்லாரும் இதேதான் சொல்றீங்க. முடிஞ்சதும் போ பெர்சு, குந்து!"

(வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கோபத்தில் வாயில் வந்துவிட்டது.)

பாவம், கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

மேடையில் சுரேஷ் நிமிர்ந்து பார்த்தான். தனி வாசிக்கும்போது காலி நாற்காலிகளையே பார்த்துப் பழகியவன். விளக்கு வெளிச்சத்தில் வாசலில் நிற்கும் நான் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அரங்கம் நிறைந்திருப்பது மட்டும் தெரிந்தது. பயலுக்குத் தலைகால் புரியவில்லை. சுருக்கமாக முடிக்க வேண்டியதை நீட்டோ நீட்டென்று நீட்டினான். முடியப்போவதுபோல் வரும், பெரியவர் பாதி எழுந்திருப்பார். இவன் மறுபடியும் ஆரம்பிப்பான். தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகரே அவனை முறைத்தார். ஒருவழியாக முடிந்ததும் பெரியவர் ஓடிய ஓட்டத்தை அந்த வயதில் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்து சுரேஷ் கண்கலங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா மாமா? ஒருத்தர்கூட எழுந்துக்கல மாமா!"

"ஆமாண்டா" என்றேன்.

"எப்படி எழுந்துப்பா? இந்த மனுஷன் வாசலை மறிச்சுண்டு நின்னாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதே வெள்ளை வேட்டி.

சுரேஷ் சட்டென்று என் கையை விட்டான். "மாமா, இவர்தான் சபா செக்ரட்டரி" என்றான். அப்போது அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஆவடி வரும்வரை ரயிலில் அக்காவும் தம்பியும் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த மார்கழிக்கு முன்னால் சுரேஷுக்கு அந்தச் செயலாளரே போன் செய்தார். "இத்தனை வருஷமா தனி ஆரம்பிச்சா நானும் எழுந்து போயிண்டுதான் இருந்தேன். அன்னிக்குத்தான் ஒண்ணை முழுசா கேட்டேன். நன்னா வாசிக்கறே. தேதி தரேன், வா. ஆனா உன் மாமா மட்டும் வரப்படாது."

வரக்கூடாதாம்! முழுசாகக் கேட்க வைத்ததே நான்தான், எனக்கே தடை. கேட்க நாதியில்லை.

இப்போது எனக்கும் சுகர். அவசரமாகப் பாத்ரூமுக்கு ஓடினால், என் மகள் கதவின்முன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். "மாமா வாசிக்கிறாரு, போய் குந்துப்பா!" என்கிறாள். மாடியில் அந்தப் பயல் வேண்டுமென்றே நீட்டி வாசிக்கிறான்.