அக்காவின் கூறையும் ராமேஸ்வரத்துப் பூசையும்

ஒருவர் சொல்வது விளங்காவிட்டால் "என்ன சொன்னீங்கள்?" என்று திருப்பிக் கேட்பது மனித இயல்பு. நான் "ஓம்" என்று சொல்வேன். (எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு ஓம்.) சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதனால் நான் அடைந்த நன்மை என்று ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம் அது. நாட்டுக்குள் வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோயிருந்தது. மன்னார்க் கடைகளில் சீலை என்று கேட்டால் முதலாளிமார் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் அக்கா பிலோமினாவுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை அரிப்பு ஊர்க்காரர். (ஊர்ப் பெயரை வைத்துப் பகிடி விட வேண்டாம். விட்டவர்கள் களைத்துப்போனார்கள்.) கூறைச்சீலைக்கு ஒரே வழி ராமேஸ்வரம். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள். வேறு தகுதி எதுவும் பார்க்கப்படவில்லை.

"சிவப்பு, பொன் கரை. மறந்திடாத தம்பி" என்றாள் அக்கா.

"ஞாயிற்றுக்கிழமை பூசை காணாமல் கடைக்குப் போகப்படாது" என்றார் அம்மா.

இரண்டுக்கும் "ஓம்" என்றேன்.

சனிக்கிழமை போய் இறங்கி ஒரு மடத்தில் படுத்தேன். மறுநாள் பின்னேரக் கப்பலில் திரும்பவேண்டும். அதுவரை ஒரு முழுப் பகல் ஆறுதலாகக் கடைத்தெரு சுற்றலாம் என்பது திட்டம். காலையில் வாசலில் நின்ற வேட்டிக்காரர் ஒருவரிடம், "ஐயா, கோயில் எங்கால இருக்கு? பூசைக்கு நேரம் போயிட்டுது" என்று கேட்டேன்.

இதை மன்னாரில் கேட்டிருந்தால் மாதா கோயிலுக்கு வழி காட்டியிருப்பார்கள். எங்களுக்குக் கோயில் என்றால் அதுதான். பூசை என்றால் சுவாமியார் வைப்பது. நான் கேட்டது ராமேஸ்வரத்தில்.

"சிலோன்லேர்ந்தா வர்றீங்க?"

"ஓம்."

அவர் பக்தியோடு கைகூப்பினார். "முதல்ல தீர்த்தம். அப்புறம்தான் பூசை. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் கோயில் வாசலிலும் தீர்த்தம் இருக்கிறது. விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவோம். நல்ல மனிதர், முறை தெரிந்தவர் என்று நினைத்துப் பின்னால் போனேன்.

அவர் என்னைக் கடலில் இறக்கி முழுகச் சொன்னார். குளித்துவிட்டுப் பூசைக்குப் போவது நல்ல பழக்கம்தானே என்று முழுகினேன். ஈரத்தோடு நிமிர்ந்தபோது எதிரே கோபுரம் நின்றது. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், எல்லாரும் பரவசத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? முதல் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் தலையில் விழுந்தது. "அடுத்ததுக்குப் போலாமா?" என்றார். "ஓம்" என்றேன். அங்கே இருபத்திரண்டு தீர்த்தம் இருப்பதைப் போகப்போகத்தான் அறிந்தேன்.

எல்லாம் முடிந்து சந்நிதிப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது. பற்கள் கிடுகிடுக்க, "ஐயா, நான் வேதக்காரன், கிறிஸ்தவன்" என்றேன்.

அவர் என் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை அப்போதுதான் கண்டார். பிறகு, "தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. உள்ள மட்டும் வேணாம். போய்த் தலையத் துவட்டுங்க" என்று சொல்லித் தன் துண்டைத் தந்தார். அந்த நல்ல மனிதரை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு கிணற்றடியிலும் வரிசையில் நின்றதில் பகல் போய், கப்பலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. கண்ணில் பட்ட முதல் சீலைக் கடைக்குள் ஓடினேன்.

"யாருக்குங்க?"

"பொம்பிளைக்கு." (எங்கள் பக்கத்தில் பொம்பிளை என்றால் மணப்பெண். அங்கே பொம்பளை என்றால் உலகத்தில் பாதிப் பேர்.)

"பெரியவங்களா?"

அக்கா என்னிலும் பெரியவள்தானே. "ஓம்."

"ஒம்பது கஜமா?"

கலியாணச் சீலை நீளமாக இருந்தால் நல்லதுதானே. "ஓம்." அப்போதுதான் ஞாபகம் வந்து, "சிவப்பு, பொன் கரை" என்றேன்.

"சிவப்பு மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டிக் கையில் தந்துவிட்டார். நான் துறைமுகத்துக்கு ஓடினேன்.

வீட்டில் அக்கா பொதியை அவிழ்த்தாள். மூக்குத்தூள் நிறத்தில் ஒரு சீலை விரிந்துகொண்டே போனது. கரை கடுகு நிறம்.

"இது ஆருக்கடா?"

"உனக்குத்தான் அக்கா."

"எத்தினை வயசில கட்டுறதுக்கு?" என்றவள், சீலையை மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் தலைகுனிந்து நின்றேன். என்னை அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கலியாணத்துக்கு முன் இன்னொருமுறை போய்வர நாளும் இல்லை, வேறு சீலையும் இல்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா எழும்பினாள். சீலையை முழம் போட்டு அளந்தாள். உடுக்கத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கத்தரித்து என் கையில் தந்தாள்.

"இதில உனக்கொரு சேட்டுத் தைக்கக் குடு. கலியாணத்தண்டு நீ அதைத்தான் போடோணும்."

போட்டேன். கழுத்துப்பட்டியில் கடுகுக் கரை வரும்படி தையல்காரர் கவனமாகத் தைத்திருந்தார். கலியாணப் படத்தில் அக்காவும் நானும் ஒரே துணியில் நிற்கிறோம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் அத்தான் யாரோ விருந்தாளி போலத் தெரிகிறார்.

அக்காவின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் பேச்சு வந்த வயதில் அந்தப் படத்தைக் காட்டி, "இதில மாப்பிள்ளை ஆர்?" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் ஒவ்வொருமுறையும் அலுக்காமல் சொல்வார்: "மாப்பிள்ளை நான். மற்றவர் சீலையில மிஞ்சினது."

என் ஞானஸ்நானப் பெயர் குடும்பத்தில் பாதிப் பேருக்கு இப்போது தெரியாது. எல்லாருக்கும் நான் மிச்ச மாமா.