நீலப் பலகை

“தம்பி, மேல வந்து பாருங்க. நேத்தை விடக் கூட” என்றார் நூஹு ஹாஜியார்.

தவச்செல்வன் அவருடைய துணிக்கடையின் மேல்மாடிக்கு ஏறினான். காலை எட்டு மணி. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. கூரையில் வெப்பம் தடுக்கும் காப்புப் பலகை பதிக்கும் முன்பு அது முப்பத்தைந்து காட்டியது.

“மீட்டர் பிழை” என்றான்.

அவன் தனியாக எடுத்த முதல் வேலை இது. கடையின் பின்பக்க மேல்மாடியில் பெருநாளுக்கு ஆயத்த ஆடைப் பிரிவு திறக்க வேண்டும். அந்த மேல்மாடி குளிர்ந்தால், முந்தல் ஊரில் ஹாஜியாரின் மச்சான் வைத்திருக்கும் ஆறு இறால் குளிரறைகளின் கூரைகளும் அவனுக்குத்தான். குளிராவிட்டால் இந்தக் கரையில் அவனுக்கு வேலை இல்லை.

பலகையைத் தேர்ந்ததில் அவனுக்குப் பெருமை. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். உப்புக்காற்றில் ஈரம் குடிக்கும். வெள்ளை நுரைப் பலகையான றெஜிபோம் வேண்டாம். ஆள் மிதித்தால் நொறுங்கும். அவன் தேர்ந்தது இறுகிய நீலப் பலகை. இரண்டு அங்குலத் தடிப்பு. தண்ணீர் குடிக்காது, மிதித்தால் அமுங்காது. கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. தட்டைக் கூரையில் மூட்டுக்கு மூட்டு தானே நின்று பதித்தான்.

புது வெப்பமானி வாங்கி மாட்டினான். அதுவும் முப்பத்தாறுதான்.

“ரெண்டு மீட்டருக்கும் ஒரே காய்ச்சலா?” என்று கேட்டார் ஹாஜியார்.

“இன்னொரு அடுக்குப் போடுவம்.”

அடுக்குப் போடுவதற்காக, பலகைகளின்மேல் பாரத்துக்கு வைத்த சீமெந்துக் கற்களை அகற்றினார்கள். கடற்காற்று அதற்காகவே காத்திருந்தது போல நான்கு பலகைகளைத் தூக்கியது. மூன்று பக்கத்து வளவில் விழுந்தன. ஒன்று பஸ் நிலையம்வரை போய், வண்ணாத்திவில்லு பஸ்ஸின் கூரையில் படுத்தது. தவச்செல்வன் ஓடிப்போய்க் கேட்டான்.

“கிடக்கட்டும் சேர்” என்றான் கொண்டக்டர். “எங்கட பஸ்ஸுக்கும் வெயில்தானே.”

இரண்டாம் அடுக்கு முடிந்தது. மறுநாள் காலை முப்பத்தேழு.

துணி மடிக்கும் ஸாஜிதா செருப்பைக் கழற்றிவிட்டு உடனே போட்டுக்கொண்டாள். “சேர், தரையில நிக்க ஏலாது. காலு சுடுது.”

“அது கூரையால இறங்கின பழைய சூடு தங்கச்சி. கொங்கிறீட் சிலாப்புக்குள்ள தங்கி நிக்குது. ரெண்டு நாளில போயிரும்.”

“போகச் சொல்லிப் போட்டு நீங்களும் போகாதீங்க சேர். ஹாஜியார் என்னட்டத்தான் கேப்பார்.”

கூரையின் மேற்பரப்பில் வெள்ளைப் பூச்சு அடித்தான். அதே முப்பத்தேழு. உச்சிச் சுவரில் இரண்டு காற்றுத் துளைகள் இருந்தன. வெயிற்காற்று அவற்றால்தான் நுழைகிறது என்று கண்டுபிடித்து, அவற்றையும் பலகை வைத்து இறுக்கி அடைத்தான். முப்பத்தெட்டு.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து சால்வையால் விசிறினார். “மகன், இந்தப் பலகை நல்ல பலகைதானா?”

அந்தக் கேள்வி தவச்செல்வனுக்குச் சுட்டது. மிஞ்சிய துண்டுகளை ஒட்டிப் பெட்டி ஒன்று செய்தான். மீன் கடையில் ஐஸ்கட்டி வாங்கி உள்ளே வைத்தான். காலை முதல் பின்னேர அஸர் தொழுகைவரை பெட்டி கூரையில், நடு வெயிலில் கிடந்தது. எல்லோரையும் கூப்பிட்டுத் திறந்து காட்டினான். ஐஸ் அப்படியே இருந்தது.

“பாத்தீங்களோ ஹாஜியார்? இதுக்குள்ளால சூடு போகாது. உலகத்தில இதைவிடத் திறம் பலகை இல்லை.”

“சுப்ஹானல்லாஹ்” என்றார் ஹாஜியார். ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டார். “ஐஸ் நிக்குது. நான்தான் உருகுறேன்.”

இருந்தாலும் பலகையின் திறமை நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆகவே குறை அளவில்தான் இருக்க வேண்டும். தவச்செல்வன் தன் செலவில் மூன்றாம் அடுக்குப் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் திறப்பு விழா. வெப்பமானி முப்பத்தொன்பது. ஸாஜிதா அதன்மேல் ஒரு குழந்தைச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தாள்.

முதலில் ஏறிய பெண்கள் பத்து நிமிடத்தில் இறங்கினார்கள். “உடுப்பு வாங்க வந்தோம், உம்மா. அவிய வரல்ல” என்றாள் ஒருத்தி.

அடுத்து ஹாஜியாரின் மச்சான் அஸ்மி முதலாளி ஏறி வந்தார். கழுத்தைத் துடைத்தார். மேலே பார்த்தார். தவச்செல்வனைப் பார்த்தார்.

“இவரா என்ட இறாலுக்குக் கூரை போடப் போறது? மச்சான், இங்க இறாலை வெச்சா அரை மணித்தியாலத்தில சோத்தோட திங்கலாம்.”

ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். தவச்செல்வன் நிமிர்ந்து நின்றான். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

“முதலாளி, என்ர வேலையில ஒரு மூட்டுப் பிழை இல்லை. ஏன் சூடு எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா பலகை சரி.”

“விளக்கம் வேணாம் தம்பி. இந்தப் பலகை வேலை செய்யுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவன் வாய் திறக்கும் முன் பின்படிக்கட்டால் ஒருவர் ஏறி வந்தார். முழங்கைவரை மா. கையில் ஒரு பை சீனிப் பணிஸ். ஹாஜியாரிடம் கடையின் பின்பக்கக் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து, பின் ஒழுங்கைப் பக்கம் வாசல் வைத்திருக்கும் அல்பிரட். முன்வாசலால் வந்து கூரைக்கே போன தவச்செல்வன் அவரை இதுவரை கண்டதில்லை.

அல்பிரட் பையை அவன் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு அஸ்மி முதலாளியின் பக்கம் திரும்பினார்.

“வேலை செய்யுதாவா? இந்த சேர் கூரைய மூடின நாளிலயிருந்து ஒரு சொட்டுச் சூடு வெளிய போகுதில்ல முதலாளி. மூணு மணித்தியாலம் எடுத்துப் பொங்கின பாண் மா இப்ப முக்கா மணித்தியாலத்தில பொங்குது, இந்தத் தரைக்கு நேர கீழதானே என்ட பாண் சுடுற போறணை!”