சாம்பலில் நடந்த நீர்ப்பேய்

நாடு விடுதலை பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நெடுங்குளத்து ஊர்க்காரர்கள் குளத்து நீர்ப்பேயிடமிருந்து விடுதலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளக்கரையில் திருவிழா மாதிரிக் கூட்டம். அஞ்சுகிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மயிலாடிக் கல்தச்சர்கள் சிலையை மூக்கு வைக்காமலே விட்டுவிட்டு வந்தார்கள். பேயைப் பிடிக்க, மலையாள மந்திரம் படித்த பூதலிங்க ஆசான் மேற்கேயிருந்து வந்திருந்தார். விரதக்காரர், பாலும் பழமும்தான் ஆகாரம். ஆனாலும் ஆள் மெலியவில்லை. அதுவும் மந்திரத்தின் மகிமை என்றார்கள்.

அந்தியில் பானையிலிருந்து சாம்பலைக் கரையில் கொட்டிப் பரப்பி மந்திரம் சொல்வார். விடிந்தால் அதில் தடம் இருக்கும். வட்டத் தடம், நான்கு விரல், நான்கு நகம்.

"இது நம்ம கோரைக்காட்டுப் பூனைதான் அண்ணாச்சி," என்றாள் பகவதியம்மாள். குளத்துக் கோரையை அறுத்துப் பாய் முடைந்து பிழைக்கிறவள்.

ஊர்த்தலைவர் அய்யம்பெருமாள் பிள்ளை சிரித்தார். "ஏட்டி, பூனை நகத்தை உள்ள இழுத்துக்கிட்டுல்லா நடக்கும்? நாய்க்குத் தடம் இப்படி வட்டமா விழாது. பூனையுமில்ல, நாயுமில்ல. பொறவு என்ன? பேய்தான்!"

பாதி சரியான கணக்கு. அதனால்தான் ஊர் முழுதாக நம்பியது.

"இந்தப் பூனைக்கு நகம் முழுசா உள்ள போவாது. விரலுக்கு நடுவுல தாரா வாத்து மாதிரி தோலு உண்டு. தண்ணியில முங்கி மீன் பிடிக்கும். கோரைக்குள்ள குட்டி போட்டிருக்கு."

"தண்ணியில முங்குத பூனையா! கேட்டேரா ஆசானே?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தண்ணீரில் இறங்கும் பூனையை நம்பாதவர்கள், தண்ணீரில் குடியிருக்கும் பேயை நம்பினார்கள்.

ஆசான் கண்ணை மூடித் திறந்தார். "கோரைக்காடுதான் அதுக்க இருப்பிடம். வெள்ளிக்கிழமை கடா வெட்டி, காட்டுக்குத் தீ வைக்கணும்."

கோரை எரிந்தால் பகவதியம்மாள் அடுப்பு எரியாது.

வியாழக்கிழமை மீன்கார மைதீன் கனி பகவதியம்மாள் வாசலில் கூடையை இறக்கினார். "உங்க ஆசான் இன்னைக்கும் சாளை வாங்கிட்டாரும்மா. தெனமும் தோப்புக்கு அந்தப் பக்கம் நின்னுதான் வாங்குவாரு."

"விரதக்காரருல்லா அண்ணே?"

"அப்பம் அந்தச் சாளையை யாரு திங்குதா?"

அதே கேள்வியைத்தான் பகவதியம்மாளும் கேட்டுக்கொண்டாள். அந்தியில் சல்லடையோடு கரைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சாம்பலைச் சலிச்சுப் போடுவோம்."

"மந்திரிச்ச சாம்பலைப் பெண்ணாப் பிறந்தவ தொடப்பிடாது!" என்று ஆசான் குதித்தார்.

"நான் தொடல. அண்ணாச்சி சலிக்கட்டும்."

பிள்ளை சலித்தார். சாம்பல் கீழே இறங்கியது. சல்லடையில் ஆறு சாளை மீன் நின்றது.

"அது பேய்க்கு உள்ள படையல்," என்றார் ஆசான், கூசாமல்.

"சரி. படையலை எடுத்துட்டு மந்திரத்தை மட்டும் சொல்லும். இந்தச் சாளையை நான் அந்தால வேற சாம்பல்ல வைக்கேன், மந்திரமில்லாம. நீரு இன்னைக்கு அண்ணாச்சி வீட்டுலதான் படுக்கணும்."

ஆசான் மந்திரத்தைச் சொல்லிவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு நடந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

விடிந்தது. மந்திரச் சாம்பல் விரித்த வேட்டி மாதிரி கிடந்தது. பகவதியம்மாளின் சாம்பல் முழுக்கத் தடம். சாளை ஒன்றுகூட இல்லை. தடத்தோடு போனார்கள். தண்ணீரோரக் கல்லில், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு ஒரு பூனை. முன்காலால் தண்ணீரை மெல்லத் தட்டியது. தலைகுப்புற முங்கியது. விராலோடு எழுந்து கோரைக்குள் நுழைந்தது. உள்ளே குட்டிகள் கத்தின.

"பார்த்தேளா! பேய் பூனையா வந்திருக்கு!" என்றார் ஆசான்.

"வரட்டும்," என்றாள் பகவதியம்மாள். "உம்ம மந்திரத்துக்கு வராத பேய் சாளைக்கு வந்திருக்கே. அப்பம் மைதீன் அண்ணன்லா பெரிய ஆசான்!"

கூட்டம் ஆசான் பக்கம் திரும்புமுன் ஆசான் மேற்கே திரும்பிவிட்டார். பானையைக்கூட எடுக்கவில்லை. வெட்ட நிறுத்தியிருந்த கடா தழை தின்றது. பகவதியம்மாள் அரிவாளோடு கோரைக்குள் இறங்கினாள், குட்டிகள் கிடந்த பக்கத்தை விட்டுவிட்டு.

அத்தனை நாளும் கரையில் நின்று கும்பிட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கும். சாம்பலைக் கிளறிப் பார்த்தது அந்தப் பூனை ஒன்றுதான். அடுத்த ஆசான் வருமுன், மனிதர்களும் அந்த அளவுக்காவது முயற்சி செய்யலாம்.