உப்பு ஏரிக்கு ஒரு வரவேற்புரை

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வானத்திலிருந்து ஒரு பெருங்கல் விழுந்து லோனார் உப்பு ஏரியை உண்டாக்கியது. தலைமை இல்லை, வரவேற்புரை இல்லை, நன்றியுரை இல்லை. தொப்பென்று விழுந்து வேலையை முடித்துவிட்டது. இந்த மாபெரும் வரலாற்றுக் குறையை நிவர்த்தி செய்யும் பொறுப்பு, சற்றுக் காலதாமதமாக, புனே பக்கத்துத் தேஹு ரோடு தமிழ் அன்பர் பேரவையின் தலையில் விழுந்தது. நான் அதன் செயலாளர். ஆகவே என் தலையில்.

"ஒருநாள் புனிதத்தல, உப்பு ஏரிச் சுற்றுலா" என்று அறிவித்தோம். போக ஓர் இரவு, திரும்ப ஓர் இரவு பேருந்தில் கழியும். இரவில் தூங்குகிறோம், தூக்கம் சுற்றுலா ஆகாது. ஆகவே ஒருநாள்.

யோசனைக்கு வித்து மேவிஸ் டீச்சர். கன்டோன்மென்ட் பிள்ளைகளுக்குப் பூகோளம் எடுத்து ஓய்வு பெற்றவர். எனக்கும் எடுத்தார், நான் பெயில். கரும்பலகையில் அந்த ஏரியை வட்டமாக வரைந்தே காலம் தள்ளியவர், நேரில் பார்த்ததில்லை. இப்போது ஒரு கண் போய்விட்டது. மற்றது நல்ல வெயிலில் மட்டும் 'டியூட்டி' பார்க்கிறது. அடுத்த வருஷம் அதுவும் இருக்குமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

பேருந்தில் ஏறும்போதே டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல அருணாச்சலம், எனக்கு வேற ஒண்ணும் காட்ட வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே என்னை அந்த ஏரிக்கரையில கொண்டு நிறுத்திரு. அது போதும்."

"டூரே உங்களுக்காகத்தான் டீச்சர்."

பொய்யில்லை. பக்கத்து ஊரான ஆகுர்டியில் அச்சகம் பிடித்துப் பேனரே அடித்து வைத்திருந்தேன். அதில் டீச்சரின் பெயர் இருந்தது. இடம் மிச்சமிருந்ததால் என் படமும் இருந்தது. இடம் நிறையவே மிச்சமிருந்தது.

காலையில் முதல் கோயில். உள்ளூர் வழிகாட்டி மராத்தியில் சிற்பங்களைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசத் தொடங்கிவிட்டார். ஒரு நிகழ்ச்சி இப்படியா தொடங்குவது? பொருளாளர் சேவியர் ஒலிபெருக்கியை இறக்கினார். இறைவணக்கம் பாடி, வரவேற்புரை ஆற்றி, வழிகாட்டிக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். பேரவை தொடங்கிய நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. பதில் இல்லாததால் கைதட்டினோம்.

அவர் பேசியதைத் தமிழில் நானே தந்தேன். "இந்தத் தூண் மிகப் பழையது" என்றார் அவர். அதன் தமிழாக்கத்தில் பேரவையின் சென்ற ஆண்டுச் சாதனைகளும் தவிர்க்க முடியாமல் இடம்பெற்றன.

அடுத்த கோயிலில் டிரைவருக்குப் பொன்னாடை. அதே பொன்னாடைதான். போர்த்தப்பட்டவர் கழற்றி அடுத்தவருக்குப் போர்த்துவார்; எங்கள் பேரவையில் இதற்குச் 'சுழற்சி முறை' என்று பெயர். நன்றியுரையில் சேவியர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, புளியோதரை கொண்டுவந்த அகல்யாவை விட்டுவிட்டார். அகல்யா பேருந்தில் ஏற மறுத்தார். நன்றியுரை முதலிலிருந்து மறுபடி நடந்தது.

அதற்குள் டீச்சரின் அண்ணன் மகள் ரியா என்னிடம் வந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் கொஞ்சம் நொண்டும்.

"அங்கிள், லேக் பக்கம்தானே? அத்தையை நான் ரிக்ஷால கூட்டிட்டுப் போறேன். லைட் போனா அவங்களுக்குத் தெரியாது. ப்ளீஸ்."

சிரித்துவிட்டேன். ஏரிக்கரைக் கூட்டத்தின் சிறப்பு விருந்தினரே டீச்சர்தான். அவர் முன்னாடியே போய் நின்றுவிட்டால் அவரை வரவேற்பது எப்படி? மரபு என்று ஒன்று இருக்கிறதே. இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் பார்த்த பார்வையில் மொழிப் பிழை எதுவும் இல்லை.

மூன்றாவது கோயிலையும் சிறப்பித்துவிட்டு நாங்கள் ஏரியின் விளிம்புக்கு வந்தபோது சூரியன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மரபு தெரியாது. கீழே மாபெரும் கிண்ணமாக ஏரி. எங்கே நின்றால் முழுதும் தெரியுமோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு மரங்களுக்கு நடுவே பேனரைக் கட்டினோம். பின்னணி நன்றாக அமைய வேண்டாமா? பேனருக்கு முன்னால் நாற்காலி. சிறப்பு விருந்தினர் அவையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆகவே டீச்சர் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

டீச்சரின் வாழ்நாள் ஏக்கத்தைப் பற்றிப் பேசினேன். அகல்யா கண்ணைத் துடைத்தார். நானே நெகிழ்ந்து, நெகிழ்ந்த பகுதியை இன்னொரு முறை பேசினேன். பிறகு பொன்னாடை.

போர்த்தியதும் டீச்சர் எழுந்தார். ரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்.

"ஏரி எந்தப் பக்கம்ல?"

"நேரா எதிர்ல டீச்சர். பேனருக்கு அந்தப் பக்கம்."

ரியா ஒரே இழுப்பில் பேனரை அறுத்துப் போட்டாள். எங்களுக்கு ஏரி மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாங்கள் எல்லோரும் டீச்சரையே பார்த்தோம்.

"இருட்டுதான் தெரியுது" என்றார். பிறகு, வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தும் அதே குரலில், "அந்த பேனர்ல என்ன எழுதிருக்கு? வாசி."

சேவியர் பழக்க தோஷத்தில் மைக்கை என் கையில் கொடுத்தார்.

"'மேவிஸ் டீச்சருக்கு உப்பு ஏரியைக் கண்குளிரக் காட்டிய செயலாளர் அருணாச்சலம் அவர்களுக்குக் கோடானுகோடி நன்றி'..."

"இன்னும் சத்தமா."

வாசித்தேன். ஒலிபெருக்கி தரமானது, பள்ளம் மிகப் பெரியது. என் பெயர் அக்கரை வரை போய் முட்டித் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு முறை வந்தது.

டீச்சர் பொன்னாடையைக் கழற்றி, சுழற்சி முறைப்படி என் தோளில் போட்டார்.

"கேட்டியா? நான் பார்க்க வந்த ஏரி. உன் பேரைத்தான் சொல்லுது."