லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி

என் உடன்பிறந்தவளும், என் உடம்பில் ஓடும் ரத்தத்துக்கு இப்போதைய உரிமையாளருமான அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். அங்கே நீ, அத்தான், உன் வலது முழங்கால் ஆகிய மூவரும் நலமா என்று அறிய ஆவல். போனில் பேசினால் நீயே கேள்வி கேட்டு நீயே பதிலும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய் என்பதால் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். "உன்னையே காப்பாத்தின செல்லு, என் முட்டியைக் காப்பாத்தாதா?" என்று கேட்டாய். கேள்வி நியாயம்தான். ஆனால் எனக்கு நடந்த வைத்தியத்தை நீ முழுதாகப் பார்க்கவில்லை அக்கா. நீ பக்கத்து அறையில் இரண்டு கையிலும் ஊசியோடு, உன் ரத்தத்தை மெஷின் வடிகட்டிக்கொண்டிருக்க, நர்ஸுக்குத் தலையணை உறை மாட்டுவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

இங்கே என்ன ஆனதென்றால், என் எலும்புக்குள் ரத்தம் தயாரிக்கும் இடம் கெட்டுப்போயிருந்தது. அதைக் கடுமையான மருந்து கொடுத்துத் துடைத்தார்கள். கூடவே தலைமுடியும் போனது. பிறகு பின்பக்கம் முளைத்தது, முன்பக்கம் இன்னும் யோசிக்கிறது. அப்புறம் உன் செல்களை ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து, குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் கையில் ஏற்றினார்கள். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான். பட்டனை அமுக்காமல் எதுவும் நகராது என்று நம்பியவன். உன் செல்களோ யாரும் சொல்லாமலே சரியாக எலும்பில் போய் இறங்கி, சிவப்பு வெள்ளை என்று புது ரத்தம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. "ரத்தம் உண்டாக்கறது அதோட பிறவி வேலைங்க. அதனாலதான் இது பலிக்குது. பல வருஷமா சோதிச்சுப் பார்த்த வைத்தியம்" என்றார் டாக்டரம்மா.

ஆனால் உன் செல்களாயிற்றே, சும்மா இருக்குமா? நீ எங்கள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்குவாயே, அதே புத்தி. இது யார் வீடு, இந்தத் தோல் ஏன் இங்கே, இந்தக் குடல் ஏன் இப்படி என்று என்னையே தாக்க ஆரம்பித்தன. உடம்பெல்லாம் தடிப்பு, வயிறு அதைவிட மோசம். அதை அடக்க மருந்து, அந்த மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து காய்ச்சல், காய்ச்சலுக்கு மறுபடி ஆஸ்பத்திரி. குழந்தையில் போட்ட தடுப்பூசியெல்லாம் உடம்புக்கு மறந்துபோய், கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்து திரும்பப் போட்டுக்கொண்டேன். நான் மட்டும்தான் அழுதேன். நிச்சயமாகத் தெரிந்த வைத்தியத்திலேயே இத்தனை கூத்து.

அதனால் நீ அனுப்பிய விளம்பரத் தாளில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல்லை எடுத்து, முழங்கால், சர்க்கரை, மறதி, வழுக்கை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியாம். முட்டியில் போட்டால் அது குருத்தெலும்பாகத்தான் மாறும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அதுக்கே தெரியும் சார்."

"சோதனை பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

"வந்தவங்க எல்லாரும் நல்லா நடந்துதான் போனாங்க சார்."

"வரும்போது?"

"வரும்போதும் நடந்துதான் வந்தாங்க. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது."

முழங்கால் வைத்தியத்தை லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் வைத்திருப்பவனை நான் எந்த ஜென்மத்திலும் நம்பமாட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். முட்டிக்கு ஆராய்ச்சி நடக்கிறது, நாளைக்கு நல்லது வரலாம், இன்னும் உறுதியாகவில்லை என்றார். முறையில்லாத இடத்தில் போட்டுக்கொண்டால் கிருமி தொற்றலாம், செல் வேறெங்காவது போய்த் தங்கலாம், கட்டியாகக்கூட வளரலாம் என்றார். எந்தத் தளத்தில் நிற்கும் என்று தெரியாத லிஃப்டில் நான் யாரையும் ஏற்றியதில்லை, உன்னையா ஏற்றுவேன்?

அக்கா, என் ரத்த வகைகூட இப்போது உன் வகை. நான் இன்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன் என்றால் அது உன்னால். உனக்கு ஏதாவது ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது. அந்தத் தாளை அப்போதே கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் இருக்கும் இன்னொன்றை நீயும் கிழித்துவிடு. பிசியோதெரபியை ஒழுங்காகச் செய். அத்தானுக்கு என் வணக்கம். உன் செல்களும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கின்றன.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, நான்தான், உங்க தம்பி பெண்டாட்டி. உறையை ஒட்டுன்னு எங்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். தாளைக் கிழிக்கலை. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில இருந்துச்சு, வழுக்கைங்கிற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு. போனை வைக்கறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட மெதுவா அவர் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு: "எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. மூணு மாடி ஏறிடுவேன்."