பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டியவர்

ஆம்பூர் வட்டாரத்தில் பூட்டிய வீட்டைக் கண்டால் முகம் மலர்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் திருடர். இன்னொருவர் எங்கள் பூட்டக்கா. திருடராவது சில சமயம் திறந்த வீட்டுக்குள்ளும் போவார். அக்காவுக்குத் திறந்த வீட்டில் சுவாரசியமே கிடையாது.

நான் வேலை பார்க்கும் ஆய்வு அலுவலகத்தில் அவர் களப்பணியாளர். வீடு வீடாகப் போய் உடம்புக்கு என்ன, எங்கே வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்புவது அவர் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று குலுக்கல் முறையில் பட்டியல் கொடுத்துவிடுவார்கள். அந்த வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, அந்த வீட்டையே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அக்கா மட்டும் ‘பூட்டு’ என்று குறித்துவிட்டு மறுநாள் போவார். அன்றும் பூட்டு என்றால் அதற்கு மறுநாளும் போவார். இப்படித்தான் பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து பூட்டக்கா ஆனார்.

பூட்டைப் பார்த்தே அந்த வீட்டு ஜாதகம் சொல்வார். “துரு புடிச்ச பூட்டுன்னா குடும்பமே பெங்களூர் போய்டுச்சு தம்பி. பளபளன்னு இருந்தா தெனம் தெறக்குற பூட்டு. வீட்டுப் பொம்பளைங்க ஷூ கம்பெனிக்குப் போயிருக்காங்க.”

ஓர் ஊரில் மூன்று நாள் தொடர்ந்து பூட்டுகளை ஆட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்ததில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னாம்மா, ஆள் இல்லாத வூடா பாத்து எழுதிக்கினு கீறே? யாருக்குக் குடுக்கப் போறே?”

“எங்க ஆபீஸுக்கு.”

“எந்த ஆபீஸு ஆள் இல்லாத வூட்டு லிஸ்ட்டக் கேக்குது?”

நியாயமான கேள்வி. நான் அலுவலகக் கடிதத்தோடு ஓடிப் போய் அக்காவை மீட்டுக்கொண்டு வந்தேன். திரும்பும் வழியில் அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. “நம்ம லிஸ்ட்டுல இருக்குற ஒருத்தரும் அந்தக் கூட்டத்துல இருந்தாரு தம்பி. சத்தம் போட்டுக்கினு இருந்தப்பவே ஃபார்ம முடிச்சிட்டேன்” என்றார்.

இன்னொரு நாள் விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். பட்டியலில் இருந்த மூன்று பெண்கள் அதில் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேள்விகள் முடிவதற்குள் பஸ் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டது. சூப்பர்வைசர் புது ஆள் என்று நினைத்து ஒரு ஏப்ரனை மாட்டி, பசை தடவும் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அக்காவும் மறுப்புச் சொல்லாமல் அரை மணி நேரம் ஷூவுக்குப் பசை தடவியிருக்கிறார். அந்த நேரத்தில் மூன்று படிவங்களும் முடிந்துவிட்டன.

இதைக் கேட்டு அலுவலகமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “அந்த வாடையில எனக்குத் தல கிர்ருன்னு சுத்துது தம்பி. நமக்கு அரை மணி நேரம். அவங்களுக்கு நாள் பூரா” என்றார்.

போன வருஷம் வந்த சர்வேயில்தான் அக்காவின் பிடிவாதம் பெரிய வம்பை இழுத்தது. சுற்றுக் கிராமங்களுக்கு வாரம் ஒரு முறை, பகல் பதினொரு மணிக்கு, ஒரு மருத்துவ வண்டி வரும். அந்த நேரம் ஜனங்களுக்கு வசதியா, மாற்ற வேண்டுமா என்று நாங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். வந்த படிவங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசின. நேரம் ரொம்ப வசதி, வண்டி ரொம்ப நல்ல வண்டி. எங்கள் அதிகாரிக்கு ஏக சந்தோஷம். அக்காவிடம் மட்டும் ஒரு கட்டு வெற்றுப் படிவம் மீதி இருந்தது.

“ஏம்மா, பக்கத்து வீட்டப் போட்டு முடிங்களேன். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்” என்றார் அதிகாரி.

“பகல்ல கேட்டா பகல்ல வீட்ல இருக்கறவங்கதான் சார் பதில் சொல்லுவாங்க. அவங்களுக்குப் பதினொரு மணி வசதிதான். வண்டி வர்றப்ப ஊர்லயே இல்லாதவங்கள நாம இன்னும் கேக்கவே இல்லையே?”

“கொஞ்சம் பேருதானேம்மா?”

“கொஞ்சமா ஜாஸ்தியான்னு கேட்டாத்தானே சார் தெரியும்?”

அதிகாரி என் பக்கம் திரும்பி, அந்தக் கட்டை வாங்கி நீயே நிரப்பிவிடு என்றார். நான் கையை நீட்டினேன். அந்த வெட்கக்கேட்டை மறைக்க மாட்டேன். அக்கா கட்டை நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. எழுந்திருக்கவில்லை.

“எழுந்தா இந்தத் தம்பி எழுதிடுவான் சார். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க.”

“பேஜாராப் போச்சு! சரி, ஒரே ஒரு ஞாயிறு. ரிப்போர்ட்டத் திங்கக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறேன். அன்னிக்கி முடியலேன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது.”

“ரெண்டு பேருக்குமா சார்?” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத்தான் திருவிழா. வேலை போய்விடுமே என்று நானும் கூடப் போனேன். பட்டியலில் இருந்த பூட்டு ஒன்று பாக்கியில்லாமல் திறந்திருந்தது. வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் முதலில் கேட்டோம்.

“வண்டியா? எந்த வண்டி? காய்கறி வண்டியா?”

“டாக்டர் வண்டிம்மா. ரெண்டு வருஷமா வருது.”

“எங்க ஊருக்கா?”

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இன்னொருத்திக்கு நாள் தவறாமல் தலைவலி. லீவு போட்டால் சம்பளம் கம்மியாகும் என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு வாசலுக்கென்று அந்த வண்டி வந்ததோ அவர்களுக்கு அதன் நிறம்கூடத் தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டே போனேன். பாதியில் என் கையெழுத்து எனக்கே புரியாமல் போயிற்று. அக்கா ஒவ்வொரு கேள்வியையும் முதல் வீட்டில் கேட்ட அதே பொறுமையோடு கேட்டார்.

திங்களன்று அந்தப் படிவங்களையும் ஏற்றியதும் அட்டவணை தலைகீழாகிவிட்டது. பகல் பதினொரு மணி பெரும்பாலானவர்களுக்கு வசதியே இல்லை என்று வந்தது. அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, “நீங்க இல்லேன்னா ரிப்போர்ட்டு தப்பாப் போயிருக்கும்மா. அடுத்த சர்வேக்கு மத்தவங்களுக்கு நீங்கதான் பாடம் எடுக்கணும்” என்றார்.

“எடுக்கறேன் சார். அன்னிக்கி யாரு லீவுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. அவங்களுக்குத் தனியா ஒரு நாள் எடுக்கணும்.”

வண்டி இப்போது சாயங்காலம், கம்பெனி பஸ் திரும்புகிற நேரத்துக்கு வருகிறது. முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சாப்பாட்டுப் பையோடு அப்படியே வரிசையில் நின்றார்கள். அதிகாரி எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் படம் இருக்கிறது. வருகிறவர்கள் குனிந்து பார்த்து, “இதுல யாருப்பா உங்க பூட்டக்கா?” என்று கேட்பார்கள்.

“இதுல இல்லீங்க. அன்னிக்கி லிஸ்ட்டுல இருந்த ஒரு பொண்ணு மட்டும் வரல. இன்னா ஏதுன்னு பாக்க அக்கா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டாங்க” என்பேன். அதைச் சொல்லும்போதெல்லாம், அந்த அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.