திட்டு வாங்கப் பழகிய அண்ணன்

செய்யாத தப்புக்கு இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பதில் 'லுக் இன்ட்டு' அண்ணனை அடித்துக்கொள்ள பெங்களூரில் ஆள் கிடையாது. மழை பெய்தால்கூடத் தன் கம்பெனிதான் காரணம் என்பதுபோல் வருத்தம் தெரிவிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி. நீலசந்திராவிலிருந்து ஹெப்பகோடிக்குப் போகும் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட் அவருடையது. பம்புக்கு உதிரி பாகம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அண்ணன் லேத் ஆபரேட்டர். நின்று நின்று கால் நரம்பு சுருண்டுவிட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறியே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு சீட் டெஸ்பாட்ச் செக்‌ஷனில்தான் காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டுமானால் வெளிநாட்டு கஸ்டமர்களோடு போனில் இங்கிலீஷ் பேசவேண்டும்.

அண்ணன் பிளாட்பாரத்தில் ஒரு பிசினஸ் இங்கிலீஷ் புத்தகம் வாங்கினார். லுக் இன்ட்டு, சார்ட் அவுட், ஃபாலோ அப், கெட் பேக் என்று வால் முளைத்த வினைச்சொற்களே அதில் நிறைந்திருந்தன. முதல் வெள்ளோட்டம் வீட்டில்.

"கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணீங்களானு கேட்டா, 'ஐ வில் கெட் பேக் டு யூ'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. சாயங்காலம் அவரு வந்தாரு, கேஸ் வரல" என்று அண்ணி எங்களிடம் புலம்பினார்.

வீட்டில் பருப்பு வேகாததால் பயிற்சி பஸ்ஸுக்கு இடம் மாறியது.

"நீங்கல்லாம் கஸ்டமருங்க. என்னைப் போட்டுத் திட்டுங்கடா, நான் சமாளிக்கிறேன்" என்றார்.

இப்படி ஒரு வாய்ப்பை யார் விடுவார்கள்? சூப்பர்வைசரிடம் நாங்கள் வாங்கியதையெல்லாம் வட்டியோடு அவர் தலையில் இறக்கினோம். நான் ஜெர்மனிக்காரன்.

"வேர் இஸ் மை பாக்ஸ், மேன்? யூ யூஸ்லெஸ் ஃபெல்லோ!"

"சாரி சார். ஐ வில் லுக் இன்ட்டு இட், சார்."

"பெளிக்கே பெளிக்கே ஏன்ரீ ஜகளா?" என்று டிரைவர் கன்னடத்தில் அலுத்துக்கொள்வார். காலங்காத்தாலே சண்டையா என்று அவருக்குக் கவலை. அண்ணன் அவரிடமும் சாரி சொல்வார்.

டெஸ்பாட்ச் சீட்டுக்கான பரீட்சை நாள் வந்தது. மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். பேசியது ஒரு வெளிநாட்டு அம்மாள். சரக்கு அருமையாக வந்து சேர்ந்தது, எல்லோருக்கும் நன்றி என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு வாய்த்த கஸ்டமர் எவனும் இப்படிப் பேசியதே இல்லையே!

"சாரி மேடம். ஐ வில் லுக் இன்ட்டு இட்."

"நோ நோ, எவ்ரிதிங் இஸ் ஃபைன்!"

"வீ ஆர் சார்ட்டிங் இட் அவுட், மேடம். நெவர் அகைன், மேடம்."

அந்த அம்மாள் அரண்டுபோய், பிரித்த பெட்டி, பிரிக்காத பெட்டி எல்லாவற்றையும் கொட்டிச் சோதிக்க ஆள் போட்டார்.

"நல்லா இருக்குன்னு சொன்னா நன்றி சொல்லத் தெரியாதாய்யா உனக்கு?" என்று மேனேஜர் குதித்தார். "வெள்ளிக்கிழமை இன்னொரு கால் வரும். அதுலயும் சாரி சொன்னே, லேத்தே கதின்னு கெட!"

மறுநாள் பஸ்ஸில் அண்ணன் எழுந்து நின்றார். "இன்னிலேர்ந்து யாரும் திட்டக்கூடாது. பாராட்டுங்கடா."

எங்களை யாராவது பாராட்டியிருந்தால்தானே எங்களுக்கு அது வரும்? கடைசி சீட்டிலிருந்து ஒருவன் மென்று விழுங்கினான். "யூ... நாட் யூஸ்லெஸ் ஃபெல்லோ."

"தேங்க் யூ சார்" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமை அவர் தேங்க் யூவோடு நிறுத்திக்கொண்டார். சீட் கிடைத்தது. சாயங்காலம் பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

"யூ ஹேவ் டன் வெரி வெல்!" என்று கத்தினேன்.

"தேங்க் யூ சார். நீங்க எந்த நாட்டு கஸ்டமரு?"

"கஸ்டமர் இல்லண்ணா. நான்தான் சொல்றேன்."